பட்டர் பேப்பரில் எடுத்த படங்கள்

தஞ்சாவூர், நர்சிங் விடுதி, அறை 9
25 மே 2025, ஞாயிறு

செவ்வந்தி,

அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: “மேடம், அந்தப் படம் நான் போட்டது.” ஐந்தே சொற்கள். இரண்டு மாதமாக அவற்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

மேகலா மேடம் உன் மாடல் தேர்வுத் தாளை வகுப்புக்கு முன் தூக்கிப் பிடித்து, “இந்த ஹார்ட் யாருக்கும்மா? நுனி வலது பக்கம் சாஞ்சிருக்கு. நெஞ்சு வலின்னு வர்றவங்கள நீ எந்தப் பக்கம் தொட்டுப் பாப்பே?” என்று கேட்டார். நாற்பது பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதை ஒரு நல்ல காரியம்போல எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சிரிக்காமல் இருப்பதற்கு எந்த முயற்சியும் தேவையில்லை. எழுந்து நிற்பதற்குத்தான் தேவை. நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு குத்தாலம் பஸ் ஏறிவிட்டாய். ஏப்ரலில் மற்ற தாள்களுக்கெல்லாம் ஊரிலிருந்து வந்து, எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து எழுதிவிட்டுப் போனாய். அனாட்டமி அண்ட் பிசியாலஜி அன்று மட்டும் உன் இருக்கை காலி.

அந்தப் படம் எப்படித் தவறானது என்று உனக்குத் தெரிய வேண்டும். ஆங்கிலப் புத்தகம் நம் இருவருக்கும் பிடிபடவில்லை என்றுதான் இடப்பக்கம் ஆங்கிலமும் வலப்பக்கம் தமிழுமாக அந்த நோட்டை எழுதினேன். இதயப் படத்தைப் பட்டர் பேப்பரில் பென்சிலால் எடுத்து, அதைக் கவிழ்த்து நோட்டில் வைத்துத் தேய்த்தேன். பள்ளிக்கூடத்தில் மேப் போடும்போது தாளின் பின்பக்கம் பென்சில் தேய்த்துவிட்டு, நிமிர்த்தி வைத்துத்தான் மேலே வரைவோம். அவசரத்தில் அதைச் செய்யவில்லை. கவிழ்த்த படம் இடம் வலம் மாறித்தான் விழும். இந்தியா மேப்பாக இருந்தால் அப்போதே கண்ணில் பட்டிருக்கும். இதயத்தை நாம் அதற்கு முன் பார்த்ததில்லையே.

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால்தான் கடிதம். ஆகஸ்டில் அரியர் தேர்வு. விண்ணப்பிக்க ஜூன் முப்பது கடைசி. அதையும் எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டில் உட்கார விடமாட்டார்கள், ஒரு வருடம் போய்விடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விண்ணப்பத்தில் மேகலா மேடத்தின் கையெழுத்து வேண்டும். நான் வாங்கி அனுப்பட்டுமா?

அருள்செல்வி


குத்தாலம் அருகே
1 ஜூன் 2025

அருள்,

உன் நோட்டை இதோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் பொருள், உன்னிடமே இருக்கட்டும்.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மா, “யாருடி இவ்ளோ எழுதியிருக்கா?” என்று கேட்டது. காலேஜிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது என்று சொன்னேன்.

ஒன்று சொல்கிறேன். மேடம் திட்டியது எனக்குப் பெரிதில்லை. அதைவிட மோசமாகத் திட்டுகிற ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வந்த அன்றைக்கே, “நர்சு படிக்கப் போன மகராசி நாத்து பறிக்க வந்துட்டா, வழிய விடுங்க” என்று அம்மாதான் தெருவுக்கே கேட்கும்படி சொன்னது. அப்பா மட்டும், “செவ்வந்தி வந்தா வந்துட்டுப் போறா. செல்லதுரை வீட்டுல சோத்துக்கா பஞ்சம்?” என்று சொல்லிவிட்டு மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் படித்து முடித்தால் எங்கள் தெருவில் முதல் நர்ஸ் என்று டீக்கடை டீக்கடையாகச் சொன்னவர் அவர்தான். இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அது எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

நான் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. நாம் இருவரும் ஒரே நோட்டைத்தான் படித்தோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நீ சொல்ல நான் ஒப்பித்தேன். என் தாளில் இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. உன் தாளில் எப்படி இடப்பக்கம் சாய்ந்தது? பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இருந்த உன் தாளை நானும் பார்த்தேன். அறுபத்தேழு போட்டிருந்தது.

இங்கே குத்தாலத்தில் ஒரு கிளினிக்கில் சேர்ந்திருக்கிறேன். டோக்கன் கொடுப்பது, பி.பி. பார்ப்பது, கட்டு மாற்றுவது. டாக்டர் மாலை ஐந்து மணிக்குத்தான் வருவார். அதுவரை நான்தான் அங்கே. எல்லாரும் நர்சம்மா என்கிறார்கள். எனக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பம் பற்றி இன்னும் யோசிக்கவில்லை. மேகலா மேடம் முன்னால் போய் நிற்க முடியாது. போன் பண்ணாதே. போனில் நீ ‘ம்’ மட்டும்தான் சொல்வாய். எழுது.

செவ்வந்தி


தஞ்சாவூர்
5 ஜூன் 2025

செவ்வந்தி,

நோட்டு வந்து சேர்ந்தது. அட்டையில் நீ ஒட்டிய பூ ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில்: தேர்வுக்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரியும்.

காலையில் படிப்பறையில் உட்கார்ந்து, இதயத்தின் நுனி துடிக்கும் இடத்தை என் விலாவில் தேடினேன். நோட்டில் இருந்த பக்கம் துடிப்பே இல்லை. மறுபக்கம் கையை வைத்தேன், துடித்தது. முதலில் என் உடம்பில்தான் கோளாறு என்று பயந்தேன். அப்புறம் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தனியாக ஒரு தாளில் சரியாகப் போட்டுப் படித்துக்கொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. மனப்பாடம் செய்து முடித்தவளைக் கடைசி நேரத்தில் குழப்பக்கூடாது என்று காரணம் வைத்துக்கொண்டேன். அது நல்ல காரணம் போலத்தான் இருந்தது. இப்போது எழுதிப் பார்த்தால் அப்படி இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஒரே கடிதத்தில் அவ்வளவும் எழுத முடியவில்லை. நோட்டு இங்கே வந்துவிட்டதால் அவசரமும் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

நீ தேர்வு எழுத வேண்டும். நாம் படித்த முறையே தவறு என்று இப்போது தெரிகிறது. திரும்பத் திரும்பப் படித்தோம், மஞ்சள் பேனாவால் கோடு போட்டோம். பார்த்த பக்கம் பழகிப்போனதைப் பாடம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டோம். இந்த மாதம் நான் வேறு விதமாகப் படித்துப் பார்க்கிறேன். இருபது நிமிடம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறேன். வெறுந்தாளில், எதையும் பார்க்காமல், படத்தைப் போட்டுப் பெயர் எழுதுகிறேன். முதல் தடவை பாதிகூட வராது, கேவலமாக இருக்கும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துகிறேன். மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை, ஒவ்வொரு முறையும் வெறுந்தாளில்தான். சிவப்பு குறைந்துகொண்டே வரும்.

உறுப்பின் பெயரோடு அதன் வேலையையும் சேர்த்துக் கேட்டுக்கொள். இடது கீழறையின் சுவர் ஏன் தடிமன்? உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும். வலது கீழறைக்குப் பக்கத்திலிருக்கும் நுரையீரல்வரை தள்ளினால் போதும். ‘ஏன்’ தெரிந்திருந்தால் அன்றைக்கு நாம் இருவருமே அந்தப் படத்தைச் சந்தேகப்பட்டிருப்போம்.

படத்துக்கு இடது என்பது உடம்புக்கு வலது. எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பது போல. இதை மட்டும் தினம் ஒரு தடவை சொல்லிக்கொள்.

அருள்


குத்தாலம் அருகே
14 ஜூன் 2025

அருள்,

கிளினிக் பேட் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். இரண்டு நாள் முன்பே தெரியும்! தட்டி எழுப்பி, “எருமை, படம் திரும்பியிருக்குடி” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதானே வேண்டியிருந்தது. ஆனாலும் நான் கேட்காமலே நீ உண்மையை எழுதியிருக்கிறாய் என்று, இல்லை, நான் கேட்டுத்தான் எழுதினாய். சரி. எழுதினாய்.

பத்தாயிரத்தில் ஒருத்தருக்கு நிஜமாகவே இதயம் வலப்பக்கம் இருக்குமாமே, டாக்டர் சொன்னார். உன் நோட்டை அவர்களுக்குப் பாடப்புத்தகமாக வைக்கலாம்.

மேட்டூர் திறந்தாயிற்று. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் நாலைந்து நாள் ஆகும். அப்பா போர் தண்ணீரிலேயே குறுவைக்கு நாற்றங்கால் விட்டுவிட்டார். காலையில் வரப்பில் உட்கார்ந்து நீ சொன்னபடி வெறுந்தாளில் போட்டுப் பார்க்கிறேன். முதல் நாள் கல்லீரல் செருப்பு மாதிரி வந்தது. இப்போது பரவாயில்லை.

‘போர்ட்டல் வெயின்’ உனக்கு ஏறவே இல்லை என்பாயே. எனக்கு ஏறிவிட்டது, கேள். மற்ற இடத்திலெல்லாம் வடிந்த இரத்தம் நேரே இதயத்துக்குப் போகும். குடலிலிருந்து வடிவது மட்டும் கல்லீரலுக்குள் போய் மறுபடி கிளை கிளையாகப் பிரியும். எங்கள் மேல் வயலின் வடிகால்தான் கீழ் வயலுக்குப் பாசன வாய்க்கால். மேலே போட்ட உரம், மருந்து எல்லாம் கீழ் வயலில்தான் வந்து இறங்கும். குடலில் கரைந்ததெல்லாம் முதலில் கல்லீரலில் இறங்குவதும் அப்படித்தான். தின்ற மாத்திரை அளவு மீறினால் கல்லீரல் ஏன் முதலில் கெடுகிறது என்று இப்போது நீயே சொல்லிவிடுவாய். கட்டணம் ஒரு ஃபில்டர் காபி.

நேற்று நடந்ததைச் சொன்னால் சந்தோஷப்படுவாய். கிளினிக்குக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஆசியா அக்கா பதினொரு மணிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்பது வயது. அடிவயிற்றில் வலி, ஒரு தடவை வாந்தி. டாக்டர் இல்லை. “நர்சம்மா, நீயே பாத்துச் சொல்லேன். மாயவரம் கூட்டிட்டுப் போவட்டுமா?” என்று கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது. அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்று உன் நோட்டின் ஜெராக்ஸைத் திறந்து பார்த்தேன். (நோட்டைச் சும்மா திருப்பி அனுப்பிவிடுவேன் என்றா நினைத்தாய்? முழுசையும் நகல் எடுத்துக்கொண்டுதான் அனுப்பினேன்.) பக்கம் அறுபத்தொன்று. படத்துக்கு வலது ஓரத்தில் இருந்தது. நீ சொன்ன விதியையும் மறக்கவில்லை: படத்துக்கு வலது என்றால் உடம்புக்கு இடது. குழந்தைக்கு வலி வலப்பக்கம். அதனால் அது இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டேன். வாயுதான், ஓமத் தண்ணீர் கொடுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்றேன். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

படித்தது ஒருவருக்கு உதவுவது இதுதான் முதல் தடவை. விண்ணப்பம் போடலாம் என்று தோன்றுகிறது. மேடத்திடம் நீயே கையெழுத்து வாங்கு.

செவ்வந்தி


தஞ்சாவூர்
17 ஜூன் 2025, மாலை

செவ்வந்தி,

இது உன் கைக்கு வருமுன் மேடத்தின் போன் வந்திருக்கும். நீதான் எடுத்தாய் என்றும், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய் என்றும் சொன்னார். அவர் போனில் சொன்னதை எழுத்திலும் வைக்கிறேன், நீ வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக.

அந்த நோட்டில் இதயம் மட்டுமல்ல, பட்டர் பேப்பரில் எடுத்த பதினொரு படமும் திரும்பியவை. பக்கம் 23, 31, 40, 48, 52, 57, 61, 66, 70, 84, 90. அப்பெண்டிக்ஸ் உடம்பின் வலப்பக்கம்தான் இருக்கிறது. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடு.

‘இன்னும் ஒன்று’ என்று நான் தள்ளிப்போட்டது இதைத்தான். இதயம் திரும்பியது தெரிந்த அன்றே மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். பதினொன்றையும் தனித் தாள்களில் திருத்திக்கொண்டேன். எனக்கு மட்டும்.

மதியம் வார்டு போஸ்டிங் முடிந்து வந்ததும் உன் கடிதம் கிடைத்தது. பக்கம் அறுபத்தொன்று என்ற இடத்தில் எழுந்துவிட்டேன். விடுதியில் என் போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கையில் கிடைக்கும். கிடைத்தாலும் என் எண்ணை நீ எடுக்கமாட்டாய். கிளினிக் எண் உன் தாளின் முன்பக்கம் அச்சாகியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு மேகலா மேடம் அறைக்கு ஓடினேன். மார்ச் மாதத்திலிருந்து எல்லாவற்றையும் நின்றபடி சொன்னேன். மேடம் உட்காரச் சொல்லவில்லை. முதலில் உனக்குப் போன் செய்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “இத அன்னிக்கே கிளாஸ்ல சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷம்மா. வெறும் அஞ்சு நிமிஷம்” என்றார்.

குழந்தை எப்படி இருக்கிறாள்? தயவுசெய்து ஒரு வரி எழுது.

உன்னைக் குழப்பக்கூடாது என்று சொல்லவில்லை என்றேனே, அது பொய். முதல் டெஸ்டில் என் நோட்டைப் படித்து நீ என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம் வாங்கினாய். வாங்கிவிட்டு வகுப்பு முழுக்க, “அருள் சொன்னா தப்பாவே இருக்காது” என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்தப் பேரையும் விட மனமில்லை, அந்த நான்கு மதிப்பெண்ணையும் மறக்க முடியவில்லை. இரண்டுக்கும் சேர்த்து வாயை மூடிக்கொண்டேன்.

அருள்செல்வி


குத்தாலம் அருகே
21 ஜூன் 2025

அருள்செல்வி,

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே குழந்தைக்கு வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. மாயவரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து உடனே தஞ்சாவூருக்கு அனுப்பி, அன்றைக்கே ஆபரேஷன். உள்ளே வெடித்திருந்ததாம். ஒத்தடம் கொடுத்தது தவறு என்று எங்கள் கிளினிக் டாக்டர் சொன்னார். “யார் குடுக்கச் சொன்னது?” என்று கேட்டார். நான்தான் என்றேன். நான் உடனே சொல்லிவிட்டேன், கவனித்துக்கொள்.

குழந்தை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். எப்படி இருக்கிறாள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எதிரே ஜெராக்ஸ் கடை பூட்டிக் கிடக்கிறது. நான் கிளினிக்கை விட்டு நின்றுவிட்டேன்.

மார்ச்சில் நீ சொல்லாததைக்கூட மன்னித்துவிடுவேன். எனக்கும் பொறாமை வரும், எனக்கும் வாய் அடைக்கும். ஆனால் ஜூன் ஐந்தாம் தேதி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, ‘அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்’ என்று எழுதினாயே. அந்த வரியைத்தான் தினமும் படிக்கிறேன். அதில் இன்னும் ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் பதின்மூன்றாம் தேதி நான் அந்தப் பக்கத்தைத் திறந்திருக்க மாட்டேன்.

பழியை உன்மேல் மட்டும் போடவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொன்னது என் வாய். நர்சம்மா என்று கூப்பிட்டதும் மயங்கிப்போனது நான். விண்ணப்பம் அனுப்பாதே. மூன்று வருடம் படித்து இதே பயத்தோடு எத்தனை பேரைத் தொடுவது? ஜவுளிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம்.

செவ்வந்தி


தஞ்சாவூர்
25 ஜூன் 2025

செவ்வந்தி,

குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறாள். காய்ச்சல் விட்டுவிட்டது. தையலைச் சுற்றி அரிக்கிறதாம், அதைத் தவிர வேறு புகார் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

நேற்று மாலை பார்வை நேரத்தில் மேகலா மேடம் என்னை அழைத்துப் போனார். வார்டு வாசல்வரை வந்துவிட்டு, “உள்ள நீதான் போணும்” என்று வெளியிலேயே நின்றுகொண்டார். ஆசியா அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். குத்தாலம் நர்ஸ் பெண்ணின் சிநேகிதி என்றதும் முகம் மாறிவிட்டது. “அந்தப் பொண்ணு ஒண்ணுமில்லன்னு சொன்னுச்சும்மா. நானும் நம்பிட்டேன்” என்றார்.

அவர் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு நான் திரும்பியிருக்கலாம். திரும்பலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது, அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

“அக்கா, அது பாத்துச் சொன்ன படம் நான் போட்டது” என்றேன். “தப்பா போட்டேன். தப்புன்னு தெரிஞ்சும் அதுகிட்ட சொல்லல.”

அக்கா உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் மெதுவாக, “அந்த நோட்டா? பூ ஒட்டியிருக்குமே அட்டையில? நான்தானேம்மா ஒவ்வொரு பக்கமா மெஷின்ல வெச்சு எடுத்துக் குடுத்தேன்” என்றார். ஆரஞ்சு முழுவதையும் உரித்துக் குழந்தைக்குக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “செவ்வந்திய கடைப்பக்கம் வரச் சொல்லு. ஒளிஞ்சு திரிய வேணாம்” என்றார்.

இன்று காலை வகுப்பில் எழுந்து நின்று அந்த ஐந்து சொற்களையும் சொன்னேன். மூன்று மாதம் தாமதம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேடம், “தாள எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டினது என் தப்பு” என்று என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இதோடு வைத்திருக்கிறேன். நான் நிரப்பவில்லை. உன்னுடையதில் இனி நான் எதையும் எழுதப்போவதில்லை. எந்த நோட்டும் அனுப்பமாட்டேன். நூலகத்துப் புத்தகத்தை என் பெயரில் எடுத்துத் தனிப் பார்சலில் அனுப்புகிறேன். அதைப் பார்த்து நீயே போடு. பயத்தோடு எப்படித் தொடுவது என்று கேட்டிருந்தாய். பயம் இருப்பவள்தான் புத்தகத்தை இரண்டாவது தடவை திறந்து பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு உனக்கும் பயமாக இருந்தது என்று எழுதியிருந்தாய். நீ நோட்டைத் திறந்து பார்த்தாய். தவறு நோட்டில் இருந்தது.

முப்பதாம் தேதி கடைசி. ஐந்து நாள்தான் இருக்கிறது.

அருள்


குத்தாலம் அருகே
3 ஆகஸ்ட் 2025

அருள்,

விண்ணப்பத்தை முப்பதாம் தேதி நேரில் வந்து கொடுத்துவிட்டுப் போனேன். நீ போஸ்டிங்கில் இருந்தாய். நீ இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்தேன்.

ஆசியா அக்கா கடைக்குப் போனேன். முதல் நாள் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் பழைய நகலை வாங்கி, பதினொரு பக்கத்தையும் அவரே கிழித்தார். இப்போது தினமும் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து படிக்கிறேன். வீணாய்ப் போன தாள்களின் பின்பக்கம் எனக்கு வெறுந்தாள். குழந்தைதான் எனக்கு டீச்சர். புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் சொல்லச் சொல்ல, அவள் படத்தைப் பார்த்துச் சரியா தப்பா என்கிறாள். “அக்கா, அப்பெண்டிக்ஸ் எங்க?” என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். கேட்டுவிட்டுத் தையல் தழும்பைத் தொட்டுக் காட்டுகிறாள். அதை இனி மறக்க முடியாது.

இந்தத் தாளின் பின்பக்கம் இதயம் போட்டிருக்கிறேன். எதையும் பார்க்காமல் போட்டது. தவறு இருந்தால் எழுது. உடனே எழுது.

செவ்வந்தி


தஞ்சாவூர்
6 ஆகஸ்ட் 2025

செவ்வந்தி,

படம் கிடைத்தது. நுனி இடப்பக்கம் சரியாகச் சாய்ந்திருக்கிறது. ஒரு தவறு: மூவிதழ் வால்வும் ஈரிதழ் வால்வும் இடம் மாறியிருக்கின்றன. மூவிதழ் வலப்பக்கம். தபால் வந்த பத்து நிமிடத்தில் எழுதுகிறேன்.

அருள்


தஞ்சாவூர், அறை 9
26 அக்டோபர் 2025

செவ்வந்தி,

இதைத் தபாலில் போடத் தேவையில்லை, உன் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன்.

அரியர் தேர்வு முடிவு வந்த அன்று உன் அறுபத்திரண்டு மதிப்பெண்ணைப் பலகையில் நான்தான் முதலில் பார்த்தேன். உன் அப்பா இனிப்போடு வந்து மேகலா மேடத்தைத் தேடியதையும் பார்த்தேன். நீ வியாழக்கிழமை வந்தாய். வார்டன் நம் ஒன்பதாம் அறைச் சாவியை நீட்டியபோது, வேண்டாம், பதினான்கு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாய். ஏன் என்று நான் கேட்கப்போவதில்லை.

நேற்று மாலை தண்ணீர் பிடிக்கப் போகும்போது உன் அறை வழியாக வந்தேன். உள்ளே நீ சத்தமாகச் சொல்லிப் படித்துக்கொண்டிருந்தாய். மண்ணீரல் வலப்பக்கம் என்றாய். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினேன். நீ திறந்தாய். “மண்ணீரல் இடது பக்கம்” என்றேன். நீ உள்ளே போய்ப் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாய். “ஆமா” என்றாய். கதவைச் சாத்திக்கொண்டாய்.

அருள்செல்வி